இரண்டாவது ஆளிடமும் கேட்பவர்

மணி கேட்டால்கூட அவர் இரண்டு பேரிடம் கேட்பார். என் கையில் நல்ல கடிகாரம் இருக்கும். "டீச்சரம்மா, மணி இன்னா?" என்பார். "பத்தரை" என்பேன். தலையை ஆட்ட மாட்டார். அப்படியே வாசல் பக்கம் திரும்பி, வாட்ச்மேன் பாயிடம், "பாய், டைம் க்யா ஹுவா?" என்பார். பாயிடம் கடிகாரமே கிடையாது. மரத்து நிழலைப் பார்த்துவிட்டு, "சாடே தஸ்" என்பார். அவரும் பத்தரை என்று சொன்ன பிறகுதான் மேஸ்திரியம்மாவின் தலை ஆடும். முதல் வாரம் முழுவதும் இது எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா வாங்கிக் கொடுத்த கடிகாரத்தை ஒரு வேப்பமரத்தோடு சரிபார்த்தால் யாருக்குத்தான் வராது?

எல்லோருக்கும் அவர் மேஸ்திரியம்மா. பெயர் எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். அந்த நாளில் நான் அவரை "நீ" என்றுதான் பேசினேன். எனக்கு இருபத்தாறு வயது, அவருக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும். அவர் என்னை "நீங்க" என்பார். அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இப்போது எழுத உட்கார்ந்தால் "அவள்" என்று எழுதக் கை வரவில்லை.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த மறு வருஷம், பெங்களூர் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு டிரில் டீச்சர் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் பெண் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி. பிள்ளைகள் நீந்துவதை வெளி ஆட்கள் பார்க்கக் கூடாது என்று நீச்சல் குளத்துக்கு நாலு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே தகரக் கூரை போட்டு, வெளிச்சத்துக்கு நடுநடுவே கண்ணாடி பதித்திருந்தார்கள். அவர்கள் கப்பலேறிய பிறகு அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் முதல் தடவை கதவைத் திறந்தபோது உள்ளே பாசி நாற்றம். அடியில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர், அதில் தவளைகள், ஒரு உடைந்த பெஞ்சு. டைல்கள் பாதிக்கு மேல் கழன்று கிடந்தன. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் ஆசை பிடித்துக்கொண்டது.

மெட்ராஸில் உடற்பயிற்சிப் படிப்பு படித்தபோது நீச்சல் கற்றிருந்தேன். மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா, "டீச்சர்" என்பதைச் சத்தமாகவும் "டிரில்" என்பதை மெதுவாகவும் சொல்வாள். எனக்கு அந்த வேலை வேண்டும். அது ஒரு வருஷத்துக்குத் தற்காலிகமாகக் கொடுத்த வேலை. பள்ளிக் கமிட்டியில் அப்போது இரண்டு கட்சி. குளத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ். மண்ணைக் கொட்டி மூடிவிட்டு மேலே நாடக மேடை கட்டலாம் என்று ரிட்டையர்ட் எஞ்சினியர் ஒருவர். ஹெட்மிஸ்ட்ரஸ் கன்னடக்காரர், என்னிடம் மட்டும் தன் பாணியில் தமிழ் பேசுவார். "கொளம் இருந்தா நீனும் இருப்பே" என்றார் ஒரு நாள். அதன் மறுபாதியை அவர் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

கடைசியில் பாதிச் சம்மதம் கிடைத்தது. தரையையும் சுவரையும் சரி செய்து காட்டுங்கள், வந்து பார்க்கிறோம், திருப்தியாக இருந்தால் மோட்டாரும் குழாயும் வாங்கலாம் என்றது கமிட்டி. அப்படித்தான் மேஸ்திரியம்மா வந்தார். இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள், எல்லோரும் சிவாஜிநகர் பக்கத்து ஆட்கள். ஒரு பெண் பிள்ளை மேஸ்திரியாக இருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. புருஷன் மேஸ்திரியாக இருந்து படுத்துவிட்டார் என்று ஒரு சித்தாள் சொன்னாள். புருஷன் ஓடிப்போய்விட்டார் என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டும் ஒத்துப்போகாததால் நானும் நம்பவில்லை. அவரோடு சேர்ந்து எனக்கும் அந்தப் புத்தி வந்திருந்தது.

முதல் நாள் எஞ்சினியர் கரையில் நின்று, "தரை கல்லாட்டம் இருக்கு. சுவர் மட்டும்தான் ஒழுகுது. சுவரைப் பாரு போதும்" என்றார். மேஸ்திரியம்மா "சரிங்க சாமி" என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். இறங்கியவர் சுவர்ப் பக்கமே போகவில்லை. தரையில் மண்டியிட்டு, வலது கை நடுவிரலை மடக்கி ஒவ்வொரு டைலாகத் தட்டினார். அந்த முட்டி காய்ப்புக் காய்த்து, ஒரு சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்திருக்கும். அடியில் பிடிப்பில்லாமல் பொள்ளலாகச் சத்தம் வந்தால், இடுப்பில் செருகியிருக்கும் சலவை நீலக்கட்டியை எடுத்து ஒரு பெருக்கல் குறி. பத்து மணிக்கு ஆரம்பித்தவர் சாப்பாட்டு மணி அடிக்கும்போது எழுந்தார். தரையில் முக்கால்வாசி நீலமாக இருந்தது. எஞ்சினியர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவர் மேஸ்திரியம்மாவைக் கண்டால் கைத்தடியை வேகமாக ஊன்றி நடப்பார்.

மணல் வந்த அன்று இன்னொரு கூத்து. ஆற்று மணல், சலித்த மணல் என்று லாரிக்காரன் சத்தியம் செய்தான். இவர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். பிறகு நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத் துப்பினார். "மண்ணு கீது. திருப்பு" என்றார். லாரிக்காரன் உருதுவில் திட்டினான். இவர் அதைவிட நல்ல உருதுவில் திருப்பிக் கொடுத்தார். லாரி போய்விட்டது. எங்களுக்கு நாலு நாள் வேலை நின்றது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீ யாரையுமே நம்ப மாட்டியா மேஸ்திரியம்மா?"

"நம்பலாம் டீச்சரம்மா. மனுசனுக்கு வாய் கீது, அதனால ரெண்டு தபா கேக்கணும். டைலுக்கு வாய் இல்ல, அதனால ஒரு தபா தட்டுனா போதும்."

இப்படிப் பேசிவிட்டுச் சிரிக்க மாட்டார். அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

பெரிய சண்டை தரையில் விடும் ஓட்டையைப் பற்றித்தான் வந்தது. பள்ளிக்குப் பின்னால் பாதி தூர்ந்த ஏரி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் ஊற்று. மேஸ்திரியம்மா ஆழமான முனையில் தரையைத் துளைத்து, முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாயை மண்ணுக்குள் இறக்கி, வாயைத் திறந்தபடி விட்டார். அதற்குக் "கண்" என்று பெயர் சொன்னார், மதகுக்குச் சொல்வதுபோல. அது ஓயாமல் அழுதது. பழுப்புத் தண்ணீர் கசிந்து புது வெள்ளை டைல் மேல் கோடு கோடாக ஓடும். சித்தாள்கள் காலையும் மாலையும் சாக்கால் ஒற்றி எடுப்பார்கள்.

எஞ்சினியர் அதைக் கண்டதும் கொதித்தார். "ஒழுகுற குளத்தை அடைக்க வந்தவ, நீயே ஓட்டை போடுறியா?"

மேஸ்திரியம்மா ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். காலிச் சொம்பை அதில் வைத்தார், மிதந்தது. கையால் அழுத்தினார், விட்டதும் மேலே வந்தது. சொம்பில் தண்ணீரை ஊற்றினார், போய் அடியில் உட்கார்ந்தது.

"தொட்டி காலியா இருந்தா கீழ்த் தண்ணி தூக்கும் சாமி. ரொம்பிட்டா தூக்காது. ரொம்புற வரைக்கும் கண்ணு தொறந்து இருக்கணும்."

"இது சொம்பு இல்லம்மா. எத்தனை டன் இருக்கும் தெரியுமா?"

"பெரிய சொம்பு" என்றார்.

"பத்து வருஷம் காலியாத்தானே கிடந்துச்சு. அப்ப ஏன் தூக்கல?"

"அப்ப நெடுக ஒட்டை. தண்ணி பூந்து பூந்து போச்சு. இப்ப ஒட்டையெல்லாம் நானே அடைச்சிட்டேனே."

எஞ்சினியர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேலை எவ்வளவு நன்றாக முடிகிறதோ ஆபத்தும் அவ்வளவு அதிகம் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

குளத்துச் சுவரை ஒட்டி வெளியே கிணறு மாதிரி ஒரு குழி வெட்டச் செய்து, அதில் மூங்கில் கழி ஒன்றை நட்டிருந்தார். குளத்தின் தரை எந்த மட்டமோ அந்த மட்டத்தில் கழியைச் சுற்றி நீல வளையம், அதற்கு மேலே சாணுக்கு ஒரு கோடு. மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதைப் பார்த்தால் தெரியும். நான் காலை டிரில்லுக்கு ஏழு மணிக்கே வந்துவிடுவேன் என்பதால் பார்த்து வைப்பது என் வேலை ஆயிற்று. "எம்மாம் கீது டீச்சரம்மா?" என்பார். "வளையத்துக்கு மேல ஒரு கோடு" என்பேன். பாய் பக்கம் திரும்புவார். பாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதையே சொல்வார். மூன்று வாரம் இப்படி நடந்தது. ஒரு நாள் காலை நான், "ரெண்டு கோடு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பாயைக் கேட்கவில்லை. பாய் வாயைத் திறந்தபடி நின்றார். அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு அதில் என்ன பெருமை என்று விளங்கவில்லை. எனக்குக் காலேஜில் மெடல் வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

கமிட்டி பார்வையிட வருவதற்கு முதல் நாள் மேஸ்திரியம்மாவின் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தலைப்பிரசவம். அவர் போகும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மடியிலிருந்து துணி சுற்றிய ஒரு கட்டையை எடுத்துக் கொடுத்தார். கண்ணை அடைப்பதற்காக அவரே செதுக்கி வைத்திருந்தது, ஒரு முனை குறுகி மறுமுனை பருத்திருந்தது.

"இத்த ஆருக்கும் குடுக்காதீங்க. பெரிய டீச்சரம்மா கேட்டாலும் குடுக்காதீங்க. எங்க ஆளுங்ககிட்ட இருந்தா அவங்க ஒரு அதட்டு அதட்டுனா அடிச்சிருவாங்க. அதான் உங்ககிட்ட குடுக்கறேன்."

"எப்ப அடிக்கணும்?"

"தண்ணி உட்டப்புறம் நான் வந்து அடிக்கறேன். அடிக்கறது ஒரு தபாதான் டீச்சரம்மா."

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடிப்பது ஒரு தடவைதான் என்பதை நான் பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். அவர் ஒன்றையும் பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஹெட்மிஸ்ட்ரஸ் குளத்தைப் பார்க்க வந்தார். வெள்ளை வெளேர் என்று தரை, அதன் நடுவே பழுப்புக் கறை. ஒற்ற ஒற்ற ஊறிக்கொண்டிருந்தது. "மேடைக் கட்சிக்கு இது ஒண்ணு சாகு" என்றார். போதும் என்பதைக் கன்னடத்தில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார். அடை என்று அவர் சொல்லவில்லை. பழியை அவர் மேல் போட நான் எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டேன், நிற்கவில்லை.

இரண்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். என் மேஜை இழுப்பறையில் விசில்களுக்கு நடுவே இருந்த கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்று மணிக்குக் கமிட்டிக்காரர்கள் வருவார்கள், நாலு மணிக்குப் போவார்கள், போன கையோடு பிடுங்கிவிடலாம். இரண்டு மணி நேரம். கட்டையைக் கண்ணில் வைத்து, பிள்ளைகள் பயிற்சி செய்யும் இரும்பு டம்பெல்லால் அடித்தேன். வெளியே துருத்தினால் தெரியுமே என்று தரை மட்டத்துக்கு இறங்கும்வரை அடித்தேன். மேலே ஒரு டைலை வைத்து மறைத்தேன். புடவைத் தலைப்பால் கறையைத் துடைத்தேன். கண் அழுகையை நிறுத்திவிட்டது. குளம் பார்க்க அழகாக இருந்தது.

மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள் மூன்றரைக்கு வந்தார்கள். எஞ்சினியர் கீழே இறங்கி, கைத்தடியால் இங்கும் அங்கும் தட்டினார். "பரவாயில்லையே" என்றார், மனசில்லாமல். சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது தெரிந்தது. அதே நேரத்தில் தகரக் கூரையில் முதல் சொட்டுகள் விழுந்தன.

அந்த ஊர்ப் புரட்டாசி மழை சொல்லிவிட்டு வராது. ஐந்து நிமிஷத்தில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. கார் வரைக்கும்கூடப் போக முடியாது என்று எல்லோரும் குளத்தங்கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். காப்பி வந்தது, பிஸ்கட் வந்தது. நான் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. எஞ்சினியர் தன் பழைய அணைக்கட்டுக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கீழேயிருந்து "டக்" என்று ஒரு சத்தம்.

"என்னம்மா சத்தம்?" என்றார் எஞ்சினியர்.

"கூரையில மழை சார்" என்றேன்.

அவர் கதையைத் தொடர்ந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர்கள் கிளம்ப ஐந்தாயிற்று. கார் கேட்டைத் தாண்டுவதற்குள் நான் குளத்துக்குள் இருந்தேன். மேலே வைத்த டைலை எடுத்தேன். கட்டை ஊறிப் பருத்து, குழாயோடு ஒன்றாகிப் போயிருந்தது. நகத்தால் கிளப்பினேன், நகம் கிழிந்தது. திருப்புளியை விட்டு நெம்பினேன், கட்டையின் மேல்பகுதி சிலும்புசிலும்பாகப் பிய்ந்து வந்ததே தவிர அசையவில்லை. அடிப்பது ஒரு தடவைதான் என்பதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொரு "டக்". குளத்தின் குறுக்கே ஒரு வரிசை டைல்களின் இணைப்பில் சிமெண்ட் அப்பளம் நொறுங்குவதுபோல உதிர்ந்தது. வெறுங்காலுக்கடியில் தரை லேசாக மேடு தட்டியிருந்தது. தட்டையாக இருந்த இடம் அது, எனக்கு நன்றாகத் தெரியும்.

வெளியே பாய் குழியை எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார். வளையத்துக்கு மேலே இருந்த கோடுகளில் ஒன்றுகூட இப்போது தெரியவில்லை. நிரப்பிவிடலாம் என்றால் மோட்டார் இல்லை, குழாய் இல்லை, அதற்கான சம்மதமே ஒன்றரை மணி நேரம் முன்னால்தான் கிடைத்தது. பாயைச் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் குடையோடு வந்து கரையில் நின்றார். டைல்கள் பேசிக்கொண்டிருந்தன.

முக்கால் மணி நேரத்தில் ஜட்கா வந்தது. மேஸ்திரியம்மா தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உள்ளே வந்தார். அந்த அவசரத்திலும் செருப்பை வாசலில் விட்டார். கீழே இறங்கி, முட்டிபோட்டு, காதைத் தரையில் வைத்தார். எழுந்து ஐந்தாறு இடத்தில் தட்டினார். ஏணிக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு இடத்தில் கையை ஊன்றி, "இங்க" என்றார். கடப்பாரையை அவரே எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் மேல ஏறுங்க."

"மேஸ்திரியம்மா, புது டைல்" என்றேன். அந்த நேரத்தில் அதைத்தான் சொன்னேன்.

"இது போனா இதோட போவும்" என்று சொல்லிவிட்டு ஓங்கினார்.

தானே முட்டிபோட்டு, தட்டித் தட்டிப் பதித்த தரை அது. ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் குலுங்கியது. வெள்ளைச் சில்லுகள் தெறித்தன. எத்தனை அடி என்று எண்ணவில்லை. திடீரென்று கடப்பாரை உள்ளே இறங்கியது. அவர் பின்னால் சாய்ந்தார். பழுப்புத் தண்ணீர் ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்கு எழும்பி அவர் மேலேயே கொட்டியது. பிறகு தாழ்ந்து, கொப்பளித்துக்கொண்டே பரவியது. அவர் அதிலேயே நின்று காது கொடுத்துக் கேட்டார். டைல்கள் அடங்கிவிட்டன. தரையின் குறுக்கே ஒரே ஒரு விரிசல், அதற்கு மேல் போகவில்லை.

பிறகுதான் கண் இருந்த இடத்துக்குப் போனார். தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, பிய்ந்து போன கட்டையைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாரு முச்சித்து?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். யார் மூடியது என்று. என்னைக் கேட்டாரா, அவரைக் கேட்டாரா, தெரியாது.

மேஸ்திரியம்மா என்னைப் பார்த்தபடியே நின்றார். நான் சொல்வதற்கு நேரம் கொடுத்தார். நிறைய நேரம் கொடுத்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"கட்டை என்னுதுதாம்மா" என்றார் கடைசியில்.

அது பொய் இல்லை. மீதியை ஹெட்மிஸ்ட்ரஸ் தானாகவே சேர்த்துக்கொண்டார். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினால் இப்படித்தான், ஆட்களிடம் சொல்லாமல் போனால் இப்படித்தான் என்று பத்து நிமிஷம் பேசினார். மேஸ்திரியம்மா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஈரப் புடவையோடு ஜட்காவில் ஏறிப் போனார். அவர் கடப்பாரை பிடித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பாய்தான் மறுநாள் சொன்னார். மகள் வலியில் கூப்பிட்டபோது அம்மா என் குளத்தில் இருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஹாஸ்டல் சமையல்கட்டையும் குளியலறைகளையும் கட்டும் வேலையை அவருக்குத்தான் கொடுப்பதாக இருந்தது. அது வேறு மேஸ்திரிக்குப் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து ஹெட்மிஸ்ட்ரஸிடம் உண்மையைச் சொன்னேன். அதற்குள் என் வேலை நிரந்தரமாகியிருந்தது, சொல்வதால் எனக்கு ஒன்றும் போகாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஹோக்லி பிடு" என்றார். போகட்டும் விடு என்பது அதன் அர்த்தம். எனக்கு அது போகவில்லை. நான் அந்தப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் நீச்சல் கற்றுக்கொடுத்தேன். உடைத்த இடத்தில் போட்ட டைல்கள் வேறு பெட்டியிலிருந்து வந்தவை, கொஞ்சம் மஞ்சள் பாரித்திருக்கும். பிள்ளைகள் அதற்கு "பிஸ்கட்" என்று பெயர் வைத்திருந்தார்கள். மூழ்கிப் போய் பிஸ்கட்டைத் தொட்டுவிட்டு வருவது அவர்களுக்கு ஒரு பந்தயம். நான் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

கடைசியாக அவரைப் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உடைத்த இடத்தையும் விரிசலையும் சரிசெய்ய இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரமும் நான் அவரை "நீங்க" என்று பேசினேன். அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தடவை, "அன்னிக்கு நான்" என்று ஆரம்பித்தேன். "அந்தக் கரண்டிய இப்பிடி தள்ளுங்க" என்றார். மோட்டார் வந்தது. ஒரு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினோம். உடைத்த இடத்தில் விட்டிருந்த புதுக் கண்ணை, மழை விட்டுக் கழியில் தண்ணீர் வளையத்துக்குக் கீழே இறங்கிய பிறகு அவரே அடைத்து, மேலே பூசியிருந்தார். அது பிடிக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. சலவை நீலத்தைத் துணியில் முடிந்து, தண்ணீருக்கடியில் இணைப்பை ஒட்டி லேசாகப் பிழிய வேண்டும். நீலம் அப்படியே நின்றால் நல்லது. கோடாக இழுத்துக்கொண்டு உள்ளே போனால் ஓட்டை.

அங்கே நீந்தத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவரும் சித்தாள்களும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. நான் நீச்சல் உடை போட்டிருந்ததால் பாய் வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முடிச்சை வாங்கிக்கொண்டு மூழ்கினேன். மஞ்சள் டைல்களைச் சுற்றி நாலு பக்கமும் பிழிந்து பார்த்தேன். நீலம் அசையாமல் நின்றது. மேலே வந்தேன்.

"நின்னுச்சா, ஓடுச்சா?"

"நின்னுச்சு மேஸ்திரியம்மா."

அவர் தலை ஆடவில்லை. பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பினார். பாயின் முதுகு தெரிந்தது. சித்தாள்களைப் பார்த்தார், அவர்கள் கரையிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றார்கள். கேட்பதற்கு இரண்டாவது ஆள் இல்லை. அவர் தண்ணீரைப் பார்த்தார். நான் இன்னொரு தடவை, "நெசமா நின்னுச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

அவர் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் இறங்க ஆரம்பித்தார். இடுப்புக்குத் தண்ணீர் வந்ததும் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கழுத்துக்கு வந்ததும் நின்றார். உதடு வெளுத்திருந்தது. ஒரு கையால் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையை என்னிடம் நீட்டினார்.

"டீச்சரம்மா, கைய வுடாதீங்க."

"வேண்டாம் மேஸ்திரியம்மா. நான்தான் பாத்தேனே."

"கைய வுடாதீங்க" என்றார் மறுபடி.

பிடித்துக்கொண்டேன். அந்தக் காய்ப்புக் காய்த்த முட்டி என் உள்ளங்கையில் அழுந்தியது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு தலையை உள்ளே அமிழ்த்தினார். நானும் கூடவே போனேன். கண்ணைத் திறந்து வைத்திருந்தார், எரிந்திருக்கும், மூடவில்லை. இரண்டு முழம் தள்ளி மஞ்சள் டைல்கள். நான் முடிச்சைப் பிழிந்தேன். நீலம் ஒரு சின்னப் பந்தாக அங்கேயே நின்றது. அவர் அதைப் பார்த்தார். எனக்கு மூச்சு முட்டும்வரை பார்த்தார்.

மேலே வந்ததும் இருமினார். ஏணியைக் கட்டிக்கொண்டு, மூக்கிலும் வாயிலும் போன தண்ணீரைத் துப்பினார். என் கையை விட்டார். முகத்தை வழித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தலையை ஆட்டினார்.